ஓட்டாத வேகத்துக்கு ஒரு கேஸ்

திண்டுக்கல் பைபாஸில் ஒரு கம்பம் நட்டு, அதன் தலையில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். வேகமாகப் போனால் அதுவே படம் எடுத்து, அதுவே அபராதம் எழுதி, செல்போனுக்கு அனுப்பிவிடுகிறதாம். போன மாதம் எங்கள் தெருவில் வேன் ஓட்டும் முருகேசன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பெரியப்பா, நான் அம்புட்டு வேகமாப் போகவே இல்ல. கட்டித் தொலைச்சிரவா, இல்ல கோர்ட்டுக்குப் போகவா? நீங்க ஒரு தடவ போனீங்களாமே?" என்று கேட்டான்.

போனேன். முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்ததில் ஒரே ஒரு தடவை, ஒத்துக்கொள்ளாமல் வழக்காடப் போனேன். டீக்கடையில் நின்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சவாரி வந்து ஓடிவிட்டான். பாதிக் கதையை வைத்துக்கொண்டு அவன் ஊரெல்லாம் என்ன சொல்லிவைப்பானோ என்ற பயத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஆள். நிலத்தை அண்ணன்மார் இரண்டு பேரும் பிரித்துக்கொண்டது போக எனக்கு மிஞ்சியது ஒரு வரப்பும் அதன் பேரில் ஒரு சண்டையும்தான். இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரியில் கிளீனராக ஏறினேன். டிரைவர் தொப்பம்பட்டிக்காரர். திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்டுவார். "ஏனுங்க சுப்பையா, கியர் பொட்டிய ஒடைக்கறதுன்னே முடிவு பண்ணிப்போட்டீங்களா?" என்பார். அந்த மரியாதை அடியைவிட வலிக்கும். அவரிடம் கற்று, லைசென்ஸ் வாங்கி, திண்டுக்கல்லில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். நயா பைசா வந்து ஜனங்கள் இன்னும் அணாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். ரோட்டில் மைல் கல்லும், நடுவே மைலை எட்டாகப் பிரித்துப் பர்லாங் கல்லும் நிற்கும். எனக்குக் கொடுத்த தடம் நிலக்கோட்டை.

அந்தத் தடத்துக்கு இரண்டு நேரம் உண்டு. சர்க்கார் ஆபீஸில் ஒப்புதல் கொடுத்த நேரம் ஒன்று. எங்கள் ஷெட் சுவரில் கரும்பலகையில் முதலாளி எழுதிவைத்த நேரம் இன்னொன்று. சர்க்கார் நேரத்தில் வந்தால் முப்பது மைல் வேகத்தில் சாவகாசமாக வந்து சேரலாம். பலகை நேரத்துக்கு வர வேண்டுமென்றால் நாற்பதைத் தாண்டி மிதிக்க வேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் வேறு கம்பெனி வண்டி ஒன்று கிளம்பும். வழியில் அதை முந்தினால்தான் அடுத்தடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கிற ஆள் எங்களுக்கு. பலகையின் ரகசியம் அவ்வளவுதான். பஸ்களுக்குச் சட்டம் வைத்திருந்த எல்லை மணிக்கு முப்பது மைல்.

ஆகவே வேகமாகப் போனோம். எல்லாரும் போனோம். நானும் இரண்டு தடவை மாட்டினேன்.

மாட்டினால் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சம்மன் வந்ததும் குமாஸ்தா கூட வருவார். கூண்டில் ஏறி "ஒத்துக்கிறேன் சாமி" என்று சொல்ல வேண்டும். அபராதத்தைக் குமாஸ்தா கட்டிவிடுவார். மத்தியான டிரிப்புக்கு வண்டியில் இருக்கலாம். அபராதம் முதலாளியுடையது என்பதால் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் கோர்ட்டில் லைசென்ஸை வாங்கி அதன் பின்பக்கத்தில் குற்றத்தை எழுதி, முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அது டிரைவருடையது. மூன்றாவது தடவை எழுதினால் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அப்படி நிறுத்தப்பட்ட ஒருவர் பஸ் ஸ்டாண்டு வாசலில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் அவரிடம்தான் பழம் வாங்குவோம். முகத்தைப் பார்க்க மாட்டோம்.

என் லைசென்ஸில் இரண்டு முத்திரை ஏறியிருந்தபோதுதான் அந்த எஸ்.ஐ. மாற்றலாகி வந்தார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பர்லாங்'. ஒல்லியான ஆள். சைக்கிளில்தான் வருவார். கையில் பந்தய மைதானத்தில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஸ்டாப் வாட்ச். ஒருவர் கண்ணால் பார்த்து 'வேகமாக வந்தான்' என்று சொன்னால் மட்டும் கோர்ட்டில் செல்லாது, அளந்திருக்க வேண்டும். அதை ஒரு பூஜை மாதிரி செய்வார் அவர். ஒரு பர்லாங் கல்லுக்குப் பக்கத்தில் புளியமரத்துக்குப் பின்னால் ஏட்டையா நிற்பார். அடுத்த பர்லாங் கல்லில் எஸ்.ஐ. நிற்பார். வண்டியின் முன் சக்கரம் முதல் கல்லைத் தாண்டியதும் ஏட்டையா வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தி வீசுவார். தூரத்தில் வெள்ளை தெரிந்ததும் எஸ்.ஐ. கடிகாரத்தை அமுக்குவார். தன் கல்லைச் சக்கரம் தாண்டியதும் இன்னொரு அமுக்கு. முப்பது மைல் வேகத்தில் ஒரு பர்லாங்குக்குப் பதினைந்து வினாடி ஆகும்; அதற்குக் குறைவாக வந்தால் கேஸ்.

பிடித்தபின் திட்ட மாட்டார். "வாங்க, லைசென்ஸ் குடுங்க" என்பார். கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்து நாம் பார்க்கும்படி நீட்டுவார். பயணிகள் கெஞ்சினால் அவர்களுக்கும் ஒரு தடவை காட்டுவார். எழுதுவார், கொடுப்பார், மறுபடி கல்லுக்குப் போய்விடுவார். எந்தக் கடையிலும் ஓசி டீ குடிக்க மாட்டார். வெயிலுக்கு அவர் கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடிப்பார்.

இந்தச் சுத்தம்தான் எங்களைப் பைத்தியமாக்கியது. கை நீட்டுகிற ஆளாக இருந்தால் எதற்காகப் பிடிக்கிறார் என்று தெரிந்துவிடும். போகிறான் என்று விட்டுவிடலாம். இவர் எதற்காகப் பிடிக்கிறார்? ஷெட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு இந்தப் பேச்சுத்தான் வெஞ்சனம். எங்களில் மூத்த டிரைவர் ராசாமணி அடித்துச் சொல்வார்: "முன்னால போற கம்பெனிக்காரன் வேலைடா இது. நம்ம வண்டியப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அவன் வண்டியில ஆளு ஏறும்ல? வருசத்துக்கு ஒரு தடவ மொத்தமாக் கொடுத்திருப்பான்." இன்னொருவர், மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், பதவி உயர்வுக்காகத்தான் என்பார். என் கண்டக்டர் காதர் பாய் பேகம்பூர்க்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"அந்த மனுசன் ஒரு சாயா வாங்கிக் குடிச்சுப் பாத்திருக்கியா? அவுக கம்பெனி வண்டியும் போன வாரம் மாட்டுச்சு. இதுல எங்கேருந்துய்யா உள்நோக்கம்?"

"அப்ப எதுக்குப் பாய் அந்த ரெண்டு கல்லுக்கு நடுவுலயே நிக்கிறாரு?" என்று நான் கேட்டேன்.

"அங்கனதானப்பா பள்ளிக்கூடம் இருக்கு. எதிர்ப்பக்கம் கெணறு. புள்ளைக தண்ணி குடிக்க ரோட்டத் தாண்டுது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. ராசாமணி சொன்னதுதான் எனக்கு ருசித்தது. ஒருவர் மேல் கோபமாக இருக்கும்போது அவர் நல்லவர் என்று கேட்க யாருக்குப் பிடிக்கும்?

ஆவணி மாதம், நல்ல முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். நிலக்கோட்டையில் அன்று மல்லிகைக்கு வந்த கிராக்கி சொல்லி மாளாது. வண்டியின் தலையில் பூக்கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டினார்கள். உள்ளே ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாரத்தோடு வேகமாக ஓட்டினால் முதல் வளைவிலேயே கூடை எல்லாம் வயலுக்குள் போய்விடும். பலகை நேரத்தை அன்றைக்கு மறந்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர், "ஏம்ப்பா, எறங்கி நாங்களும் தள்ளணுமா?" என்றுகூடக் கேட்டார். முள் இருபத்தைந்தைச் சுற்றியே நின்றது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் பூ விளைவிக்கிற சம்சாரி ஒருவர் கூடையோடு நின்று கையைக் காட்டினார். காதர் பாய் மூன்று தடவை மணி அடித்தார். வண்டி நிறைந்துவிட்டது, நிறுத்தாதே என்று அர்த்தம். நிறுத்தவில்லை. செத்த நேரத்தில் எஸ்.ஐ. ரோட்டுக்கு நடுவே வந்து கையை உயர்த்தினார்.

"வாங்க, லைசென்ஸ் குடுங்க."

"என்னங்கய்யா?"

"வேகம்." உள்ளங்கையை நீட்டினார். கடிகாரம் பதினொரு வினாடி காட்டியது. நாற்பது மைல்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. காதர் பாய் இறங்கி ஓடி வந்தார். "ஐயா, மேல ஏறிட்டுப் பாருங்க. நாப்பதுல வந்தா இந்தக் கூடையெல்லாம் தாங்குமா?"

எஸ்.ஐ. ஏறிட்டுப் பார்த்தார். கடிகாரத்தையும் இன்னொரு தடவை பார்த்தார். "கண்ணுக்குத் தெரியிறத வச்சு எழுத எனக்கு அதிகாரம் இல்ல பாய். கடிகாரம் காட்டுறதத்தான் எழுதணும்" என்று சொல்லி எழுதிவிட்டார்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் மனைவி தட்டை மூடிவைத்தாள். அவளுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். வேகமாகப் போன நாளில் இரண்டு தடவை எழுதினார்கள், வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். மாட்டு வண்டி மாதிரி வந்த நாளில் எழுதி, அதோடு என் பிழைப்பையும் முடிக்கப் பார்க்கிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். விடிந்தபின்னும் அந்த முடிவு அப்படியே இருந்தது.

சம்மன் வந்ததும் முதலாளி கூப்பிட்டு விட்டார். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் 'வாடா, போடா' போய் 'வாங்க, போங்க' வந்துவிடும்.

"ஒத்துக்கிட்டு வந்துருடா. ரெண்டு மூணு மாசம் லைசென்ஸ நிறுத்துவான். அதுவரைக்கும் ஷெட்டுல வண்டி கழுவு, நான் பாத்துக்கிறேன்."

"மாட்டேன் மொதலாளி. நான் வேகமா வரல."

"வந்தியோ வரலியோ, போலீஸ எதுத்துக் கோர்ட்டுல நின்னா நம்ம வண்டி ஒண்ணு ரோட்டுல ஓடாதுடா. வெளக்கு எரியலம்பான், ஹாரன் சரியில்லம்பான்."

"அபராதம் நீங்க கட்டுறீங்க. முத்திரை என் லைசென்ஸுல விழுகுதே மொதலாளி."

காப்பி தம்ளரைக் கீழே வைத்தார். "சரிங்க சுப்பையா. உங்க இஷ்டம். குமாஸ்தா வர மாட்டாரு. வக்கீலும் கெடையாது. போயிட்டு வாங்க."

சாட்சிக்கு ஆள் தேடினேன். அன்றைக்கு வண்டியில் வந்தவர்களெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போனவர்கள். கோர்ட் என்றதும் 'நான் அன்னைக்குத் தூங்கிட்டேன்பா' என்றார்கள். மொத்த பஸ்ஸும் தூங்கியிருக்கிறது, பாவம். காதர் பாய் மட்டும், முதலாளி முகம் கோணினாலும் வருகிறேன் என்றார். ஆனால் கண்டக்டர் சாட்சி சொன்னால் கம்பெனி ஆள் என்று தள்ளிவிடுவார்கள்.

இந்த நிலையில் ஒரு நாள் காலை, அதே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருவர் கூடையோடு நிற்க, நிறுத்தினேன். ஏறவில்லை. நேரே என் ஜன்னலுக்கு வந்து சட்டையைப் பிடித்தார்.

"ஏலே! அன்னைக்கு வீசு வீசுன்னு வீசுறேன், ஏறிட்டுப் பாத்துட்டுப் போற! ஒரு கூடை மல்லிகைப் பூடா. முகூர்த்த வெல. அம்புட்டும் விரிஞ்சுபோயி மாட்டுக்குப் போட்டேன்!"

அன்றைக்கு நான் ஏற்றாமல் விட்ட சம்சாரி இவர். சின்னக்காளை என்று பெயர். "அண்ணே, வண்டி நெறைஞ்சிருச்சு. அதோட வேகமா வந்ததால..." என்று காதர் பாய் சமாதானம் பண்ணப் பார்த்தார். அவருக்கு வாயில் வந்தது அந்தச் சாக்குத்தான்.

"வேகமா? யாரு, இவனா? நத்தை மாதிரி ஊர்ந்துக்கிட்டுப் போனான்யா. வண்டிக்குப் பின்னாடி ஏணியப் புடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் ஓடுனேன். தலையில கூடை இல்லாட்டி ஏறியே இருப்பேன். அம்புட்டு மெதுவாப் போறவன் நிறுத்தக் கூடாதா? அதுதாண்டா எனக்கு ஆத்திரம்!"

நான் கீழே இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அடிக்கப்போகிறான் என்று நினைத்து ஓர் அடி பின்வாங்கினார். "அண்ணே, இதையே கோர்ட்டுல வந்து சொல்லுங்க. இதே கோவத்தோட சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேன். உன்னய விடுறதா இல்ல" என்றார். நான் குற்றவாளியாக நிற்கப்போகிறேன் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அது போதும் என்று வந்தார்.

கோர்ட்டில் சின்னக் கேஸ்களை எடுக்கும் நாள் என்றால் சந்தைக் கூட்டம்தான். விளக்கில்லாத சைக்கிள், லைசென்ஸ் இல்லாத நாய், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி. டவாலி பெயரைக் கூப்பிடுவார், ஆள் ஏறுவார், "ஒத்துக்கிறேன் சாமி" என்பார், இறங்குவார். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே இருப்பார். என் முறை வந்தது. "ஒத்துக்கலீங்க" என்றேன். பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"வக்கீல் யாரு?"

"நான்தாங்கய்யா."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூண்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஏட்டையா ஏறினார். முன் சக்கரம் கல்லைத் தாண்டியதும் கைக்குட்டையை வீசியதாகச் சொன்னார். எதையும் மறைத்துச் சொல்கிற மாதிரி தெரியவில்லை. அடுத்து எஸ்.ஐ. ஏறினார். வெள்ளை தெரிந்ததும் அமுக்கினேன், பதினொரு வினாடி என்றார். குறுக்கு விசாரணை செய்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். என்ன கேட்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. நெஞ்சில் இருந்தது மட்டும் வந்தது.

"ஐயா, எங்க மொதலாளி மேல உங்களுக்கு என்ன கோவம்? முன்னால போற வண்டிக்காரங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

"இது கேள்வியே இல்ல" என்று மாஜிஸ்திரேட் என்னை அதட்டினார். எஸ்.ஐ. மட்டும், அனுமதி கொடுத்தால் பதில் சொல்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"உங்க மொதலாளி மேல எனக்குக் கோவம் இல்ல சுப்பையா. உங்க ஷெட்டுல தொங்குற பலகை மேலதான் கோவம். அந்த நேரத்துக்கு வரணும்னா சட்டப்படி வர முடியாது. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். பலகையப் பிடிக்கச் சட்டத்துல வழி இல்ல. எழுதினவரையும் பிடிக்க முடியாது. மிதிக்கிற கால் உங்களோடது, அதனால உங்களத்தான் பிடிக்க முடியுது. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி மட்டுமாவது மெதுவாப் போகட்டுமேன்னு அங்க நிக்கிறேன்."

இத்தனை மாதமாக ராசாமணியோடு சேர்ந்து இந்த மனிதரைத் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நான் அன்றைக்கு வேகமாக வரவில்லை என்பதும் உண்மைதானே! "என் சாட்சியக் கூப்பிடுங்கய்யா" என்றேன்.

காதர் பாய் சுருக்கமாகச் சொல்லி இறங்கினார். அடுத்து சின்னக்காளை கூண்டில் ஏறியதுமே என்னைக் கை நீட்டிக் காட்டி, "இந்த ஆளுதாங்க சாமி!" என்றார். சத்தியம் வாங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். பூ போனது, மாடு தின்றது, நத்தை வேகம், ஏணியைப் பிடித்து ஓடியது எல்லாம் வந்தது. மாஜிஸ்திரேட் வாயைக் கையால் மூடிக்கொண்டார். இவர் என் தரப்புச் சாட்சியா, போலீஸ் தரப்பா என்று கேட்டார்.

எங்கள் கோர்ட்டில் இந்த மாதிரிச் சின்னக் கேஸில் எஸ்.ஐ.யே சாட்சியைக் கேள்வி கேட்பது வழக்கம். அவர் எழுந்தார். சாட்சியை மிரட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"வீசுனேன், வீசுனேன்னு சொல்றீங்களே, எத வீசுனீங்க?"

"பூ மூடுற துணிங்க. கூடைக்கு மேல ஈரத்துணி போத்தித்தானங்க கொண்டாருவோம், விரியாம இருக்க. அத உருவி வீசுனேன்."

"என்ன நெறம்?"

"வெள்ள வேட்டிதாங்க. பழசு. கெழிச்சு வச்சிருக்கோம்."

"எந்த எடத்துல நின்னீங்க?"

"கெணத்து மேட்டுலங்க. புளியமரத்தடியில வைக்கப்போர் ஏத்துன வண்டி ஒண்ணு மாடு மூச்சு வாங்கட்டும்னு நின்னுச்சு. அது மறைக்குதேன்னு தாண்டி இந்தப் பக்கம் வந்து, மேட்டுல ஏறி நின்னு வீசுனேன். டிரைவர் கண்ணுக்குத் தெரியணும்ல."

எஸ்.ஐ. அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஏட்டையா பக்கம் திரும்பினார். "வைக்கோல் வண்டி நின்னுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். ஏட்டையா தலையைச் சொறிந்தார். "நின்னுச்சுங்கய்யா. ரோட்டுப் பக்கம் எனக்கு மறைக்கல. நான் வண்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஏட்டையா பொய் சொல்லவில்லை. அவர் கல்லுக்கு நேரே ஒழுங்காகத்தான் வீசியிருக்கிறார். வைக்கோல் பாரம் அவரை எஸ்.ஐ.க்கு மறைத்துவிட்டது. வண்டி கொஞ்ச தூரம் ஓடி வந்தபின், கிணற்று மேட்டில் சின்னக்காளை வீசிய ஈர வேட்டிதான் எஸ்.ஐ. கண்ணில் பட்ட வெள்ளை. கடிகாரம் அங்கிருந்துதான் ஓட ஆரம்பித்திருக்கிறது; அந்தப் பதினொரு வினாடி மிச்சத் தூரத்துக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்த வேண்டுமென்றால் இடுப்புத் துண்டோ தலைத் துண்டோ, கையில் கிடைத்ததை வீசாத ஆள் உண்டா? அதே ரோட்டில் வெள்ளைத் துணியை அடையாளமாக வைத்துக் கேஸ் பிடித்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் எஸ்.ஐ. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒரு சம்சாரி கோபத்தில் உளறுகிறார் என்று சொல்லியிருக்கலாம். மாஜிஸ்திரேட்டுக்கு இது இன்னும் விளங்கவில்லை. அவர் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஐயா, நான் பார்த்த வெள்ளை இவர் வீசின துணியா இருக்கலாம். ஏட்டோட கைக்குட்டைதான்னு என்னால இப்போ சத்தியமாச் சொல்ல முடியாது. இந்த டிரைவர் மேல கொடுத்த கேஸ் நிக்காது."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானமாக இருந்தது; சந்தோஷமாகவும் இருந்தது. மாஜிஸ்திரேட் கேஸைத் தள்ளுபடி செய்தார். லைசென்ஸ் என் கைக்குத் திரும்பி வந்தது. பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்னக்காளை மட்டும் இறங்கவில்லை. "அப்ப என் பூவுக்கு என்னங்க சாமி வழி?" என்று கேட்டார். டவாலி அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் எஸ்.ஐ. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கும்பிட்டேன். "அன்னைக்கு நீங்க வேகமா வரல" என்றார். "மத்த நாள்ல வாரீங்க. நாளைக்கும் நான் அங்கதான் நிப்பேன். ஏட்டுக்குச் சிவப்புக் கொடி கொடுக்கப்போறேன். பலகை மாறலியே சுப்பையா."

அவர் போனபின் காதர் பாய், "டீ குடிப்பமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஜெயித்த மாதிரியே இல்லை. அடுத்த வாரமோ அடுத்த மாதமோ, அவர் சரியாகவே அளப்பார். என் முள் நாற்பதைத் தாண்டியிருக்கும். மூன்றாவது முத்திரை விழும். அன்றைக்கு எந்தச் சம்சாரி வந்து என்னைக் காப்பாற்றுவார்? கோர்ட்டிலிருந்து ஷெட் வரை நடந்தே போனேன். போகிற வழியெல்லாம் இதே யோசனை.

முதலாளி சந்தோஷமாக இருந்தார். "போலீஸையே ஜெயிச்சுட்டு வந்துட்டியேடா! இனிமே தைரியமா ஓட்டு" என்று முதுகில் தட்டினார்.

"முப்பதுலதான் ஓட்டுவேன் மொதலாளி" என்றேன்.

அவர் கை முதுகிலேயே நின்றது. நான் விடவில்லை. "பலகை நேரத்துக்குத்தான் வரணும்னா, முப்பதுக்கு மேல போகச் சொல்லி ஒரு தாள்ல எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போட்டுக் கொடுங்க. பிடிச்சா நான் அதக் காட்டுறேன். அபராதம் மாதிரி குத்தத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. அப்படின்னா நாப்பது என்ன, அம்பதுலயும் போறேன்."

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டீங்க சுப்பையா" என்றார். "நாளைக்கு நீங்க வண்டி எடுக்க வேணாம்."

ராத்திரி ஷெட்டில் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. சொன்னதையும், முதலாளியிடம் நான் தாள் கேட்டதையும் விடாமல் சொன்னேன். ராசாமணி துண்டை உதறி விரித்துப் படுத்துக்கொண்டார். அவர் லைசென்ஸில் எத்தனை முத்திரை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

விடியற்காலை ஷெட் வாசலில் என் வண்டி இஞ்சின் ஓட நின்றது. பயணிகள் ஏறிவிட்டார்கள். நான் ஓரமாக நின்றேன். கோபம், பயம், வேலை போச்சே என்ற கவலை எல்லாம் சேர்ந்து இருந்தது. ஆனால் இறங்கிப்போய்க் கெஞ்ச வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. முதலாளி வந்து, "ராசாமணி, நீ ஏறு" என்றார்.

ராசாமணி ஏறினார். உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மொதலாளி, அந்தத் தாள எனக்கும் எழுதிக் கொடுத்துருங்க" என்றார்.

முதலாளி அடுத்த டிரைவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்; ஆனால் வண்டிப் பக்கம் நகரவில்லை. அடுத்தவரும் நகரவில்லை. உள்ளேயிருந்து பயணிகள், "எடுங்கப்பா, நேரமாகுதுல்ல!" என்று கத்த ஆரம்பித்தார்கள். எங்களுக்கு முன்னால் போகிற கம்பெனி வண்டி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும் முதலாளி அப்படியே நின்றார்.

"காதரு, பலகையில இருக்கிற நேரத்த அழி" என்றார்.

காதர் பாய் ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டியோடு நின்றார். "எம்புட்டுன்னு எழுதட்டும் மொதலாளி?"

முதலாளி என் பக்கம் திரும்பாமலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தார்.

"சுப்பையாவக் கேளு."